பின்னால் வருபவளின் கை

மார்ச் 3

சின்னவளுக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். வண்டியின் பின் இருக்கைகளை மடித்துப் படுக்க வைத்தே கொண்டுவந்தார்கள். ஒன்பது மணி நேரம். மகள் வீடு மூன்றாவது மாடி. லிஃப்ட் அன்றைக்கென்று பார்த்துப் பழுது. மருமகனும் காவலாளியும் என்னை நாற்காலியோடு தூக்கினார்கள். இரண்டாவது மாடியில் காவலாளி, "அம்மா, கொஞ்சம் மூச்சு வாங்கிக்கறேன்" என்று என்னை இறக்கி வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார். யாரோ வீட்டு வாசலில் பத்து நிமிடம் பார்சல் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

காலில் இரண்டு தகடு, ஒன்பது திருகு. மூன்று மாதம் என்கிறார் டாக்டர்.

நடையை நிறுத்த வேண்டாம். ஊர் பார்க்க வருகிறவர்களைக் கடை கடையாகக் கூட்டிப் போய்க் கதை சொல்லி, பத்து வருஷமாகச் சனிக்கிழமை தவறாமல் நடந்த நடை. இரண்டு வாரம் ஆள் வராவிட்டால் ரொட்டிக்கடைக்காரர் நம் பெஞ்சில் மாவு மூட்டையை அடுக்கிவிடுவார். அப்புறம் அதை இறக்க வைக்க முடியாது. முன்னால் நீதான் நடக்க வேண்டும். வேறு ஆள் இல்லை. இதை எழுதும்போது எனக்கு எப்படி இருக்கிறது என்று எழுத மாட்டேன்.

உனக்குத் தெரியாதது இல்லை, ஆனாலும் சொல்கிறேன். ரொட்டிக்கடையில் ஆளுக்கு ஒரு துண்டு. சூப்புக்கடையில் அரைக் கப், ஒரு சொட்டுக்கூட அதிகம் கூடாது. இரண்டாவது கடையில் வயிறு நிறைந்தவன் நான்காவது கடையில் கதை கேட்க மாட்டான், உட்கார இடம் தேடுவான். பிறகு பொரித்த மீன், மணிக்கூண்டு, பதினொரு கல்படி, கீழே கடலை, இனிப்பு, கடைசியில் காபி. மஞ்சள் குடையை மடித்தே பிடி. விரித்தால் பின்னால் இருப்பவர்களுக்கு உன் முகம் தெரியாது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். போனில் கேட்டால் நீ அழுவாய், நான் கத்துவேன், நம்மைக் கட்டிய அண்ணன் தம்பி இரண்டு பேரும் டிவி சத்தத்தைக் கூட்டுவார்கள். அதனால் எழுத்தில் கேட்கிறேன்.

நான் கூட்டத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே பின்பக்கமாக நடப்பேன். என் முதுகுக்குப் பின்னால் இருப்பது எனக்குத் தெரியாது. உனக்குத் தெரியும். பள்ளம், சைக்கிள், படி, எது வந்தாலும் நீ கூட்டத்தின் கடைசியிலிருந்து வலது கையைத் தூக்குவாய். நான் நிற்பேன். பத்து வருஷத்தில் ஒருமுறைகூட உன் கை தாமதித்ததில்லை.

பிப்ரவரி 21 அன்று உன் கை ஏன் எழவில்லை?

பெரியவள்


மார்ச் 8

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை அத்தான்தான் மாடிக்குக் கொண்டுவந்து கொடுத்தார். "பெரிய கடுதாசியா இருக்கே, பரீட்சைக் கேள்வித்தாளா?" என்றார். ஆமாம் என்றேன்.

நேற்று நடை நடந்தது. பதினான்கு பேர். ரொட்டிக்கடையில் வாய் திறந்தபோது எனக்குக் குரலே வரவில்லை. ரொட்டிக்காரர் அடுப்புக்குள்ளிருந்து தலையை நீட்டி, "என்னம்மா, அக்கா இல்லாம நீயா? சரி சரி, பேசு, ரொட்டி கடிக்காது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு கொஞ்சம் எளிதாக இருந்தது.

பின்னால் வருவதற்கு ஆள் வேண்டுமே என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அத்தானே காலையில் ஷூ போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "நான் வரேன், வீட்ல உக்காந்து என்ன பண்றது" என்றார். ஆள் எண்ணிக்கையை மட்டும் பார்த்துக்கொண்டார். கடலைக்கடையில் பதினைந்து என்றார். தன்னையும் சேர்த்து எண்ணியிருக்கிறார்.

குறிப்பேட்டில் வந்தவர்கள் எழுதியதை அப்படியே அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். மூன்று பேர் எழுதியிருந்தார்கள். 'நல்ல நடை.' 'மீன் அருமை.' 'படிகள் அதிகம்.' அவ்வளவுதான்.

அன்றைக்கு நடந்ததைக் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு கழிப்பறை எங்கே என்று கேட்டாள். நான் திரும்பிச் சொல்லிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தபோது நீங்கள் இல்லை. அவ்வளவு சீக்கிரம் நடந்துவிட்டது அக்கா. அதை நினைத்தால் இன்னும் சாப்பாடு இறங்கவில்லை.

மாத்திரையை வெறும் வயிற்றில் போடாதீர்கள்.

சின்னவள்


மார்ச் 16

சின்னவளுக்கு,

மூன்று பேரா எழுதினார்கள்?

உன் அத்தானுக்குப் புதிதாக ஒரு பழக்கம் வந்திருக்கிறது. எதைப் பார்த்தாலும் படமெடுத்து மகள் போனுக்கு அனுப்புகிறார். குறிப்பேட்டின் பக்கம் வந்தது. அதில் பதினொரு பேர் எழுதியிருக்கிறார்கள். 'இவ்வளவு இயல்பாகப் பேசும் வழிகாட்டியை நான் பார்த்ததில்லை.' 'சொந்த வீட்டைச் சுற்றிக் காட்டியதுபோல் இருந்தது.' 'அடுத்த மாதம் என் தங்கையோடு வருகிறேன்.' இதையெல்லாம் ஏன் எனக்கு மறைத்தாய்? தாங்க மாட்டேன் என்றா? நீ மறைத்ததால்தான் எரிகிறது. பத்து வருஷத்தில் என்னை யாரும் 'இயல்பு' என்று எழுதவில்லை. 'தகவல் நிறைந்தது' என்று எழுதுவார்கள். அது அரசாங்கக் கையேட்டுக்கும் பொருந்தும்.

அடுத்தது அவர். முப்பத்தொரு வருஷம் குடித்தனம் செய்திருக்கிறேன். பத்து வருஷமாக இந்த நடையை நடத்துகிறேன். ஒரு சனிக்கிழமை, ஒரே ஒரு சனிக்கிழமை, என்னோடு வந்ததுண்டா? "குதிகால் வலிக்குது" என்பார். இப்போது உன் பின்னால் மூன்று கிலோமீட்டர் நடக்கிறார். குதிகால் எங்கே போயிற்று? போனில் கேட்டேன். "நடந்தா சரியாயிடுதுன்னு இப்பதான் தெரிஞ்சுது" என்கிறார். ஷூ வேறு புதுசு.

இன்னொன்றும் சொன்னார். நீ வந்தவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடக்கிறாயாம். பேச வேண்டிய இடத்தில் நின்று, திரும்பி, பேசிவிட்டு மறுபடி முதுகு. இதென்ன, ரயிலுக்கு ஆள் கூட்டிப் போகிறாயா? முகத்தைப் பார்த்துப் பேசிக்கொண்டே நடப்பதுதான் நம் நடை. அதற்காகத்தான் மற்றவர்களை விட்டுவிட்டு நம்மிடம் வருகிறார்கள். ஒரு வாரம் முன்னால் நின்றதற்குள் வழக்கத்தை மாற்றிவிட்டாயே.

கழிப்பறை கேட்ட பெண் எப்படி இருந்தாள்? என்ன உடை? மணிக்கூண்டுக்கு இருபதடி முன்னால்தான் கழிப்பறைப் பலகை இருக்கிறது, கதவளவு எழுத்தில். அதைத் தாண்டி வந்தா ஒருத்தி கேட்டாள்?

மணிக்கூண்டுக் கதையை நான் சொல்கிற மாதிரியே சொல். கடைசி வரிக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்து.

பெரியவள்


மார்ச் 24

அக்காவுக்கு,

குறிப்பேட்டை மறைத்தது தப்புதான். உங்களுக்கு வலிக்கும் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததே உங்களுக்கு வலிக்கும் என்று யோசிக்கவில்லை. இனி பக்கத்தையே அனுப்புகிறேன்.

அத்தானைப் பற்றி நான் என்ன சொல்ல? நீங்கள் இல்லாத வீட்டில் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. கீழே மூன்று அறைகளிலும் விளக்கைப் போட்டு வைத்துக்கொள்கிறார். மீன்கடையில் இரண்டு தட்டு சாப்பிடுகிறார். மீன்காரம்மா, "இவரு டூர் வந்தவரா, டூரை சாப்பிட வந்தவரா?" என்று கேட்டுவிட்டாள். நீங்கள் வாயைக் கட்டி வைத்திருந்ததெல்லாம் இப்போது அவிழ்ந்துவிட்டது.

முதுகு காட்டி நடப்பதைக் கேட்டீர்கள். அத்தானுக்குக் கை தூக்கத் தெரியாது அக்கா. தூக்கினால் அதில் மீன் இருக்கிறது. யாரை நம்பிப் பின்பக்கமாக நடப்பேன்?

மணிக்கூண்டுக் கதையை நான் சொல்வதில்லை. அங்கே நிற்பதும் இல்லை. படி வந்துவிட்டது, பார்த்து இறங்குங்கள் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டலின் மேலாளர் வந்து பேசினார். அவர்களிடம் தங்குகிறவர்களை வாரம் இரண்டு நாள் நம் நடைக்கு அனுப்புகிறார்களாம். அறை மேஜையில் வைக்க ஒரு கார்டு அச்சடிக்கிறார்கள். அதில் முன்னால் நடப்பவரின் படம் வேண்டுமாம். "யாரு படம் போடறது, நீங்களா, உங்க அக்காவா? கார்டு ரெண்டு வருஷத்துக்கு இருக்கும், பாத்துச் சொல்லுங்க" என்றார். அக்காதான் என்றேன். "அவங்கள நான் பாத்ததே இல்லையே, நீங்க நடக்கறத முதல்ல பாக்கறேன்" என்கிறார்.

நான் என்ன சொல்லட்டும்? நீங்கள் வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன். ஆனால் அந்த வார்த்தையை நீங்கள் எழுதி அனுப்ப வேண்டும். நானாகச் சொல்ல மாட்டேன்.

சின்னவள்


மார்ச் 30

சின்னவளுக்கு,

சந்தோஷமான செய்தி. இதில் கேட்க என்ன இருக்கிறது? நான் கட்டிலில் கிடக்கிறேன். கட்டிலையா படமெடுப்பார்கள்? அவர் வந்து பார்க்கட்டும். பிடித்தால் உன் படத்தையே போடட்டும். குடும்பத்துக்கு வருகிற பேர்தானே.

எந்தச் சனிக்கிழமை வருகிறார் என்று மட்டும் எழுது. பிரார்த்தனை செய்துகொள்கிறேன்.

கால் பரவாயில்லை.

பெரியவள்


ஏப்ரல் 12

பெரியவருக்கு,

அக்கா என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று ஹோட்டல் மேலாளர் வந்தார். ஏப்ரல் 11 என்று நான்தான் உங்களுக்குப் போன வாரம் தபால் அட்டை போட்டிருந்தேன். மொத்தம் பதினாறு பேர். ரொட்டிக்கடையில் எல்லாம் நன்றாக இருந்தது. சூப்புக்கடையில் உள்ளே போனால் மேஜை மேல் கப் இல்லை, கிண்ணம். குடும்பத்தோடு சாப்பிட வருகிறவர்களுக்கு வைக்கிற ஆழமான கிண்ணம், விளிம்பு வரை. கூடவே கூடையில் ரொட்டி. நான் சைகை காட்டுகிறேன், சூப்புக்காரர் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே மறுபடி ஊற்றுகிறார். "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, வெக்கப்படாதீங்க." மேலாளர் இரண்டு கிண்ணம் குடித்தார்.

மீன்கடையில் ஐந்து பேர்தான் மீனைத் தொட்டார்கள். மீன்காரம்மா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மணிக்கூண்டுக்குக் கீழே எல்லோரும் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார்கள். ஒருவர் பெல்ட்டைத் தளர்த்தினார். படி இறங்க வேண்டும் என்றதும் நான்கு பேர் ஆட்டோ பிடித்துப் போய்விட்டார்கள். காபிக்கு வந்தது ஆறு பேர். மேலாளர் கொட்டாவியை அடக்கிக்கொண்டு, "நல்லா இருந்துச்சு, ஆனா கொஞ்சம் நீளமோ?" என்றார். அதே மூன்று கிலோமீட்டர்தான். வயிற்றில் கல்லைக் கட்டிவிட்டால் எல்லாம் நீளம்தான்.

திரும்பிப் போய் சூப்புக்காரரைக் கேட்டேன். பாவம், அவர் பயந்துவிட்டார். "பெரியக்காதாம்மா போன் பண்ணாங்க. பெரிய ஆளு வர்றாரு, தாராளமா ஊத்துங்க, கணக்குப் பாக்காதீங்க, தங்கச்சிக்கு இது சந்தோஷமா இருக்கும்னாங்க. தப்பாம்மா?"

இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அவர் பேரில் தப்பில்லை. கிண்ணத்தை நிரப்பினால் நடை செத்துப்போகும் என்று தெரிந்தவர்கள் இந்த ஊரில் இரண்டே பேர். ஒருத்தி நான்.

இப்போது உங்கள் கேள்விக்குப் பதில் சொல்கிறேன். முதல் கடிதத்தில் கேட்டீர்களே, அதற்கு. நீங்கள் செய்ததைத் தெரிந்துகொண்ட பிறகு சொல்வது சுலபமாக இருக்கிறது. அதுவே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

கழிப்பறை கேட்ட பெண் யாரும் இல்லை.

மணிக்கூண்டுக் கதை யாருடையது? என் பிறந்த வீட்டுக் கதை. எங்கப்பா பதினெட்டு வருஷம் அந்தக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்தவர். அவர் வேலை முடிந்து இறங்குவதற்குள் சூப்புக்கடை மதியம் மூடிவிடும். அதனால் கடிகாரத்தை ஏழு நிமிடம் பின்னுக்கு வைத்தார். சூப்புக்கடை மணிக்கூண்டைப் பார்த்துத்தான் மூடும். ஒரு கிண்ணம் சூப்புக்காக ஊரே ஏழு நிமிடம் தாமதமாக வாழ்ந்தது, யாருக்கும் தெரியவில்லை. இதை நான் உங்களுக்குச் சமையலறையில் வெங்காயம் உரித்துக்கொண்டே சொன்னேன். அப்பா இறந்த வருஷம். அடுத்த சனிக்கிழமை நீங்கள் அதை முன்னால் நின்று சொன்னீர்கள். 'இந்த ஊரில் ஒரு மனிதர் இருந்தார்' என்று. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. அடுத்த வருஷம் 'எனக்குத் தெரிந்த ஒருவர்' ஆனார். அப்புறம் 'எங்கள் குடும்பத்தில் ஒருவர்.' நான் பின்னால் நின்று ஆறு வருஷம் கேட்டுக்கொண்டு வந்தேன்.

பிப்ரவரி 21 அன்று நீங்கள் பின்பக்கமாக நடந்து வருகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் படியின் விளிம்பு. வழக்கமாக ஆறு அடி இருக்கும்போது கை தூக்குவேன். அப்போது சொன்னீர்கள்: "அந்த மனுஷன் வேற யாருமில்ல, எங்கப்பா."

பதினெட்டு பேரும் சிரித்தார்கள். ஒருவர் கைதட்டினார்.

நான் மறக்கவில்லை. வேறு பக்கம் பார்க்கவும் இல்லை. விளிம்பைப் பார்த்தேன், உங்களைப் பார்த்தேன். ஒருமுறை தடுமாறட்டும், அந்தச் சிரிப்பு நிற்கட்டும் என்று நினைத்தேன். அவ்வளவுதான் நினைத்தேன். விழுவீர்கள் என்று நினைக்கவில்லை. தடுமாறுவதற்கும் விழுவதற்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று இப்போது தெரியும். நான்கு படி.

நான் ஏன் பின்பக்கமாக நடப்பதில்லை என்று கேட்டீர்கள். அத்தானுக்குக் கை தூக்கத் தெரியாது என்று எழுதினேன். அதுவும் பொய். பின்னால் இருப்பவர் மனசில் என்ன இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான்.

இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள்.

சின்னவள்


ஏப்ரல் 20

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை. மகள் கேட்டாள், "சித்தி என்ன எழுதியிருக்காங்க? ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" நடைக்குக் கூட்டம் வருகிறதாம் என்றேன். "அதுக்கா இவ்வளவு பெரிய மூஞ்சி?" என்றாள். அவளுக்கு என்னைத் தெரியும்.

ஆமாம், சூப்புக்காரருக்கு நான்தான் போன் செய்தேன். செய்துவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்து அந்தச் சனிக்கிழமை மணி பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தே முக்கால், இப்போது கிண்ணம் வந்திருக்கும். பதினொன்றரை, இப்போது உட்கார்ந்திருப்பார்கள். அப்படி ஒரு சுகம் இந்த இரண்டு மாதத்தில் எனக்குக் கிடைக்கவில்லை. மாத்திரை கொடுக்காத சுகம். அதை உனக்கு எழுதத்தான் வேண்டும் என்று தோன்றுகிறது.

உன்னைப் பிடிக்காமல் செய்யவில்லை. உனக்கு அது கைவந்துவிட்டது, அதுதான் பிடிக்கவில்லை. நான் பத்து வருஷம் தேய்ந்து பழகியதை நீ இரண்டு வாரத்தில் செருப்பு மாட்டுவது மாதிரி மாட்டிக்கொண்டு போய்விட்டாய். நான் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் குளியலறைக் கண்ணாடி முன்னால் பேசிப் பார்ப்பேன். உனக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும். ரேடியோ ஓடுகிறது என்று நினைத்துக்கொள்வதாகச் சொல்வார்.

உன் அப்பா. அதற்கு நான் ஆயிரம் சமாதானம் சொல்லலாம். ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட பிறகு உன் அப்பா எனக்கும் அப்பா மாதிரிதான் என்று சொல்லலாம். நான்கு நாள் எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன். உண்மை இதுதான். 'எங்கப்பா' என்று சொன்னால் இன்னும் சிரிப்பார்கள் என்று எனக்குத் தெரிந்தது. என் அப்பாவைப் பற்றிச் சொல்லி யாரையும் சிரிக்க வைக்க முடியாது. அவர் வீட்டுக்கு வரும் சத்தம் கேட்டால் நாங்கள் ஐந்து பேரும் படிக்கிற மாதிரி உட்கார்ந்துகொள்வோம். சூப்புக்காகக் கடிகாரத்தை ஏமாற்றுகிற ஒரு அப்பா எனக்கும் இருந்திருக்கலாம் என்று தோன்றியது. கொஞ்ச நேரம் எடுத்துப் போட்டுக்கொண்டேன். உன் புடவையைக் கேட்காமல் கட்டிக்கொண்டு கல்யாணத்துக்குப் போன மாதிரி. அந்தச் சண்டையாவது இரண்டு நாளில் தீர்ந்தது.

மன்னித்தேன் என்று எழுதப்போவதில்லை. ஒன்பது திருகு உள்ளே இருக்கிறது. நீயும் என்னை மன்னித்ததாக எழுதாதே, நம்ப மாட்டேன்.

இப்போது ஊன்றுகோலோடு நடக்கிறேன். மே 1 அன்று அங்கே டாக்டர் என் காலைப் பார்க்க வேண்டும். மறுநாள் சனிக்கிழமை. ஹோட்டல்காரரை மறுபடி கூப்பிடு. அன்றைக்கு நான் இரண்டாவது கிண்ணம் ஊற்றச் சொன்னேன் என்று உண்மையையே சொல், வருவார். மனிதர்களுக்குக் குடும்பச் சண்டை என்றால் பிடிக்கும்.

நீ முன்னால் நட. நான் கடைசியில் வருகிறேன். மணிக்கூண்டுக் கதையை நீ சொல்ல வேண்டும். பின்பக்கமாக நடந்துகொண்டே சொல்ல வேண்டும். படி வரும்போது நான் கை தூக்குவேன்.

பயமாக இருந்தால் எழுது. எழுதினால் சிரிக்க மாட்டேன்.

பெரியவள்


ஏப்ரல் 26

அக்காவுக்கு,

பயமாகத்தான் இருக்கிறது. வாருங்கள்.

மேலாளர் வருகிறார். நீங்கள் சொன்ன மாதிரியே உண்மையைச் சொன்னேன். "அட, அப்படியா!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படமெடுக்கிறவரையும் கூட்டி வருகிறாராம். மொத்தம் பதினேழு பேர்.

சூப்புக்காரரிடம் அரைக் கப் என்று எழுதியே கொடுத்துவிட்டேன்.

சின்னவள்


மே 7

சின்னவளுக்கு,

ஞாயிறு மாலை இங்கே வந்து சேர்ந்தேன். இந்த முறை லிஃப்ட் ஓடியது. சனிக்கிழமை நடையில் நாம் இருவரும் பேசிக்கொண்டது மொத்தம் நான்கு வார்த்தை என்று அவர் சொல்கிறார். "குடை எங்கே", "இதோ இருக்கு". மற்றதெல்லாம் கடைக்காரர்கள் பேசியது. ரொட்டிக்காரர் என்னைப் பார்த்து, "ராணி பின்னால வர்றாங்க, மந்திரி முன்னால போறாங்க" என்றாரே, நீ திரும்பிப் பார்க்கவில்லை. நல்லவேளை, என் முகம் அப்போது பார்க்கிற மாதிரி இல்லை.

பத்து வருஷத்தில் முதல்முறையாக நடையைக் கடைசியிலிருந்து பார்த்தேன். அங்கிருந்து தெரிவது முதுகுகள். பேச்சு பாதிதான் கேட்கிறது. சிரிப்பு மட்டும் முழுசாக வந்து சேர்கிறது. பத்து வருஷம் இதையா கேட்டுக்கொண்டு வந்தாய்?

நீ நன்றாகப் பேசுகிறாய். மீன்கடையில் மீன்காரம்மாவையே பேசவிட்டுவிட்டு ஓரமாக நின்றாயே, எனக்கு அது ஒருநாளும் தோன்றியதில்லை. நான் யாரையும் பேசவிட்டதில்லை. மணிக்கூண்டுக் கதையை நீ கொஞ்சம் வேகமாக முடித்துவிட்டாய். கடைசி வரிக்கு முன்னால் மூச்சு நிறுத்தவில்லை. நான் சொல்லியிருந்தால் இன்னும் சிரித்திருப்பார்கள். இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆனால் 'எங்கப்பா' என்று நீ சொன்னபோது யாரும் கைதட்டவில்லை, முன்வரிசையில் ஒரு அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அது என் கதையில் ஒருநாளும் நடக்கவில்லை. வீட்டுக்கு வந்தும் அந்த அம்மாள்தான் என் கண்ணுக்குள் நிற்கிறாள்.

கை விஷயம். ஆறு அடியில் தூக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். நான் ஒன்பது அடியிலேயே தூக்கிவிட்டேன். நீ நின்றாய். கூட்டம் எதற்கு நிற்கிறோம் என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு நின்றது. உன் அத்தான் கையிலிருந்த தட்டு மேலாளர் சட்டையில் போய் விழுந்தது. "என்ன அவசரம் உனக்கு? படி எங்கியோ இருக்கு!" என்று அவர் என்னைத் திட்டினார். கண் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். கண் நன்றாகத் தெரிந்தது. நீ பின்பக்கமாக நகர்ந்து போய்க்கொண்டிருந்தாய், எல்லோரும் உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள், ஒருவர்கூட என் பக்கம் திரும்பவில்லை. அந்தக் கடைசி மூன்று அடிக்கு என்னை நான் நம்பவில்லை. அதனால்தான் முன்பே தூக்கிவிட்டேன்.

நீ எதைப் பார்த்து நின்றாய் என்று தெரிய வேண்டும். என் கையைப் பார்த்தா, இல்லை அடியை எண்ணிக்கொண்டு வந்தாயா?

மேலாளர் கார்டு மாதிரியை அனுப்பியிருக்கிறார். உன் படம். காதோரம் முடி பறக்கிறது, சீப்பு வைத்துக்கொண்டு போகக் கூடாதா? ஒரு நாளைக்கு நான்கு முறை எடுத்துப் பார்க்கிறேன். ஒவ்வொரு முறையும் வயிறு எரிகிறது. அச்சடிக்கச் சொல்லிவிட்டேன்.

மகளிடம் மாத்திரைகளைக் கட்டச் சொல்லியிருக்கிறேன். ஜூன் 6 சனிக்கிழமை வந்துவிடுவேன். முன்னால் யார் என்று நீ கேட்க மாட்டாய், எனக்குத் தெரியும், அதனால் நானே எழுதுகிறேன். நீ. நான் கடைசியில் வருகிறேன். அவரை வீட்டில் இருக்கச் சொல்.

பெரியவள்


மே 12

அக்காவுக்கு,

அத்தான் வீட்டில் இருக்க மாட்டாராம். நாம் இரண்டு பேரும் போகிற இடத்துக்கு ஒரு சாட்சி வேண்டும் என்கிறார். நடுவில் வரட்டும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: எண்ணிக்கொண்டுதான் வந்தேன். மணிக்கூண்டு வாசலிலிருந்து படி விளிம்புக்கு முப்பத்திரண்டு அடி. வெள்ளிக்கிழமை மாலை போய் மூன்று முறை அளந்து வைத்திருந்தேன். உங்கள் கை எழுந்தபோது நான் இருபத்திரண்டில் இருந்தேன். ஒன்பது இல்லை, பத்து அடி முன்னாலேயே தூக்கிவிட்டீர்கள்.

எண்ணாமல் நடக்க எனக்கு இன்னும் எத்தனை சனிக்கிழமை ஆகும் என்று தெரியவில்லை. அதுவரை முன்னாலேயே தூக்குங்கள்.

சின்னவள்